முட்டக் கூடாது என்று சொன்னது யார்

1

மதுரை வில்லாபுரம் வீட்டு வாசலில் ஆட்டோ நின்றபோது கயல் என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டே முக்கால் வயது. மூன்று விமான நிலையங்களையும் இரண்டு பெரிய அழுகைகளையும் ஒரு வாந்தியையும் கடந்து வந்திருந்தாள். என் மனைவி சுதாவுக்குப் பத்து நாள் லீவுதான் கிடைத்தது, அவள் பின்னால் வருவாள். அதனால் இந்த முறை பிள்ளையோடு நான் மட்டும் வந்தேன்.

அப்பா வாசலுக்கு வந்தார். முழங்காலுக்குக் கீழே சலவை மடிப்புக் கலையாத வேட்டி. பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“தூக்கலாமாப்பா? அதுக்கு எதுவும் ரூல் இருக்கா?”

கேலி செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்பா பெரிய கேலிக்காரர். பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து திருமங்கலம் போகும் டவுன் பஸ்ஸில் முப்பது வருஷத்துக்கு மேல் கண்டக்டராக இருந்தவர். படியில் தொங்குகிறவனையும் சிரிக்க வைத்துத்தான் உள்ளே ஏற்றுவார். ஆனால் அன்று அவர் முகத்தில் கேலி இல்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார்.

என்னப்பா இப்படிக் கேக்குறீங்க என்று சொல்லிப் பிள்ளையைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். ஆனால் தலையை நன்றாகப் பின்னுக்கு இழுத்து வைத்துக்கொண்டார். தன் நெற்றி அவள் நெற்றியில் பட்டுவிடக் கூடாது என்று அவ்வளவு கவனம். தூக்கியிருந்த நேரம் முழுக்க அவர் கழுத்து நரம்பு தெரிந்தது.

தெற்கு ஜெர்மனியில் ஒரு சின்னத் தொழில் நகரத்துக்கு நான் போய் இந்த மாதத்தோடு பதினோரு வருஷம் ஆகிறது. வருஷத்துக்கு ஒருமுறை இப்படிக் குறிப்பு எழுதுவது வழக்கம். பெரும்பாலும் பனியைப் பற்றியும் நான் நிரப்பிய படிவங்களைப் பற்றியும் புலம்பியிருப்பேன். இந்த முறை நெற்றியைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

2

முட்டு விளையாட்டை மதுரைக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பிள்ளைக்குத் தலை நின்றதும் வீட்டில் ஆரம்பிக்கிற முதல் விளையாட்டே அதுதான். நாம் நெற்றியைக் குனிந்து நீட்டி ‘முட்டு, முட்டு’ என்போம். பிள்ளையும் கிடாக்குட்டி மாதிரி தலையைத் தாழ்த்திக்கொண்டு வந்து லேசாக இடிக்கும். பக்கத்து வீட்டுக்காரர் வந்தாலும் முட்டச் சொல்வோம். பால்காரர் வந்தாலும் முட்டச் சொல்வோம். முட்டாத பிள்ளையை ‘இன்னும் பழகலையாக்கும்’ என்பார்கள்.

எங்கள் வீட்டில் கூடுதலாக ஒரு சட்டம் உண்டு. முட்டு வாங்கிய பெரியவர் கீழே விழ வேண்டும். சும்மா சாய்ந்தால் போதாது. ‘மண்டை போச்சே’ என்று அலறி, மல்லாக்க விழுந்து, கண்ணை மூடிக் கிடக்க வேண்டும். பிள்ளை வந்து நெற்றியைத் தேய்த்து ஊதிவிட்ட பிறகுதான் உயிர் வரும். இந்தச் சட்டத்தைப் போட்டவர் அப்பா. எனக்கும் என் அக்கா செல்விக்கும் அவர் அப்படித்தான் விழுந்திருக்கிறார். யூனிஃபார்ம் சட்டையோடு, தோளில் இருக்கும் தோல் பையோடு, வேலைக்குக் கிளம்புகிற அவசரத்திலும் விழுந்திருக்கிறார்.

கயல் பிறந்தபோது என் அம்மா உயிரோடு இல்லை. அதற்கு ஒரு வருஷத்துக்கு முன்பே போய்விட்டார். அப்பா கீழ்வீட்டிலும் அக்கா குடும்பம் மாடியிலும் இருந்தார்கள். கயல் எட்டு மாதத்திலிருந்து அப்பாவோடு போனில் முட்டினாள். எங்களுக்குக் காலை ஏழு மணி, அவருக்கு முன்மதியம். குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருப்பார். ‘வாரேன், வாரேன், வந்துட்டேன்’ என்று குரல் கொடுத்துக்கொண்டே அவர் நெற்றி நெருங்கி நெருங்கித் திரை முழுக்கத் திருநீறாகிவிடும். கயல் இந்தப் பக்கமிருந்து போனை இடிப்பாள். அந்தப் பக்கம் ‘மண்டை போச்சே’ என்று சத்தம் கேட்கும். பிறகு கொஞ்ச நேரம் சீலிங் ஃபேன் மட்டும் தெரியும். கயல் திரையை ஊதுவாள். அப்பா எழுந்திருப்பார்.

இரண்டு முறை போன் கண்ணாடி உடைந்தது. அவர்கள் இருவருக்கும் வேறு பேச்சு கிடையாது, தேவைப்படவும் இல்லை.

3

என் வேலை வாகனங்களுக்கான சிறு பாகங்களை அளந்து பார்ப்பது. மூன்று ஷிப்டு, வாரத்துக்கு ஒன்றாக மாறும். சுதா ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ், அவளுக்கும் ஷிப்டுதான். டிராம் நிறுத்தத்தில் பிள்ளையையும் பையையும் கைமாற்றிக்கொண்டு அவள் ஏறுவாள், நான் இறங்குவேன். ஒரு வாரத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்ட வேளைகள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். இதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. அங்கே நம் ஆட்கள் பாதிப் பேர் வாழ்க்கை இப்படித்தான் போகிறது.

கயலை இரண்டு வயதில் கிண்டர்கார்டனில் சேர்த்தோம். அப்பா அதைப் பால்வாடி என்பார். சேர்ந்த மூன்றாவது வாரம் முதல் படிவம் வந்தது. கயல் இன்னொரு பிள்ளையை நெற்றியால் இடித்துவிட்டாள், உதடு வெடித்து ரத்தம், ஈரத்துணி வைக்கப்பட்டது, கீழே பெற்றோர் கையெழுத்து. அடுத்த வாரம் இன்னொன்று. அதற்கடுத்த வாரம் ஒன்றும் வரவில்லையே என்று நிம்மதியாக இருந்தபோது, நேரில் வரச் சொல்லிக் கடிதம் வந்தது.

கயல் யாரையும் அடிக்கவில்லை. பிடித்தவர்களைத் தேடித் தேடி முட்டியிருக்கிறாள். அந்தப் பிள்ளைகளுக்குத் தலையைக் குனிந்து வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை, மூஞ்சியை நிமிர்த்திக்கொண்டு நின்றிருக்கிறார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் என்றால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

இதை டீச்சரிடம் சொல்லத்தான் போனேன். பிள்ளைகள் உட்காருகிற நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள், முழங்கால் இரண்டும் காதருகே இருந்தன. பதினோரு வருஷத்தில் எனக்கு ஜெர்மனில் திருகாணி, பற்சக்கரம், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு எல்லாம் சரளமாக வரும். செல்லம் கொஞ்சுவதற்கு அந்த மொழியில் சொல் தெரியாது. எங்கள் வீட்டில் அன்பு அதிகமானால் தலையால் அடித்துக்கொள்வோம் என்றேன். டீச்சர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

வேறு வழியில்லாமல் கயலைக் கூப்பிட்டு முட்டச் சொன்னேன். முட்டினாள். பழக்கதோஷத்தில் நாற்காலியிலிருந்து மல்லாக்க விழுந்தும் விட்டேன். கயல் வந்து ஊதினாள். எழுந்து பார்த்தால் டீச்சர் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார். நல்ல பெண்மணி, அவரைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. மற்றப் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டு தெரியாது, அதனால் இங்கே கயல் முட்டக் கூடாது, நாங்கள் பழக்கிக்கொள்கிறோம் என்றார். மிகவும் நெருங்கி வருகிறவர்களிடம் உள்ளங்கையைக் காட்டி ‘ஷ்டோப்’, அதாவது நில் என்று சொல்ல எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுப்பார்களாம், கயலுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள்.

வீட்டிலும் முட்டு நின்றுபோனது. அப்பாவிடம் நான்தான் போனில் சொன்னேன், இனிமேல் முட்ட வேண்டாம், இங்கே ரூல் என்று.

“முட்டுனா என்னடா? புள்ளதான?” என்றார்.

ரூல்ப்பா என்றேன் மறுபடியும். வெளிநாட்டிலிருந்து அந்த ஒரு சொல்லைச் சொன்னால் ஊரில் யாரும் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள். அப்பாவும் கேட்கவில்லை.

4

அதன் பிறகு போன் பேச்சு மெலிந்துவிட்டது. சாப்பிட்டியாத்தா, தூங்குனியாத்தா, குளிராத்தா என்று மூன்று கேள்வி. கயல் பதில் சொல்ல மாட்டாள், எழுந்து போய்விடுவாள். அப்பா கொஞ்ச நேரம் காலி சோபாவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சரிப்பா வச்சுரவா என்பார். தினமும் வந்த அழைப்பு வாரத்துக்கு இரண்டானது. ஏழு மாதம் இப்படிப் போயிற்று.

இந்தப் பயணத்துக்கு ஒரு அப்பா தனியாகப் பிள்ளையை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதால் அம்மாவின் சம்மதக் கடிதம், அவள் பாஸ்போர்ட் நகல், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் எடுத்துப் போயிருந்தேன். அங்கே விமான நிலையத்தில் ஓர் அதிகாரி கடிதத்தைப் படித்துவிட்டு, கயலிடம் குனிந்து இவர் யார் என்று கேட்டார். அப்பா என்றாள். அதோடு நிறுத்தாமல், ‘அப்பாவுக்குக் களைப்பு’ என்று ஜெர்மனில் சேர்த்துச் சொன்னாள். அதிகாரி சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். என்னைப் பற்றி அவளுக்குத் தெரிந்த இரண்டு விஷயங்களும் சரிதான்.

5

வில்லாபுரம் வந்து முதல் நான்கு நாட்கள் நான் தூங்கினேன். இட்லி சாப்பிட்டேன், தூங்கினேன். குளித்தேன், தூங்கினேன். நேர வித்தியாசம் என்று எல்லோரிடமும் சொன்னேன். பதினோரு வருஷத்துத் தூக்கத்துக்கு நேர வித்தியாசம் என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

நான் எழுந்து பார்க்கிற போதெல்லாம் அப்பா பிள்ளையைத் தொடாமல் விளையாடிக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, இவர் கடைசியில் விசிலோடு நிற்பார். பழங்காநத்தம், பசுமலை, திருப்பரங்குன்றம், திருநகர், கப்பலூர் என்று ஒவ்வொரு ஸ்டாப்பாகச் சொல்வார். கயல் ஸ்டாப்புக்கு ஸ்டாப் இறங்கி அடுத்த நாற்காலியில் ஏறிக்கொள்வாள். ஏற முடியாமல் அவள் தடுமாறினால் அப்பா கை பாதி தூரம் போய் நின்றுவிடும். பிறகு, தம்பி இங்க வாயேன், புள்ளய ஏத்தி விடு என்று என்னைக் கூப்பிடுவார். நான் தூக்கக் கலக்கத்தோடு வந்து ஏற்றிவிடுவேன்.

ஐந்தாம் நாள் மாடியிலிருந்து இறங்கி வந்த செல்வி அக்கா இதை நின்று பார்த்தாள். அக்காவுக்குச் சுற்றிவளைத்துப் பேசத் தெரியாது. என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அந்த மனுஷன் உன் போன் வந்த நாளிலிருந்து தெருப் பிள்ளைகளைக்கூட முட்டுவதில்லை, கேட்டால் தெரியாமல் செய்துட்டோமோ என்று புலம்புகிறார், சின்ன வயதில் உனக்கும் எனக்கும் இப்படிச் செய்தது தப்போ என்றுகூட ஒருநாள் கேட்டார் என்றாள். பிறகு கேட்டாள்.

“ஏன்டா, அந்த ரூலப் போட்டது பால்வாடியா, நீயா?”

நான் தண்ணீர் மொண்டு குடித்தேன். அக்கா விடவில்லை, அங்கேயே நின்றாள். தண்ணீர் தீர்ந்த பிறகும் டம்ளரை வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

6

மேலே மூன்றாவது பகுதியில் ஒரு வரியை விட்டுவிட்டேன். இப்போது எழுதிவிடுகிறேன்.

முட்டு இங்கே வேண்டாம் என்று சொன்ன டீச்சர், கதவு வரை வந்து இன்னொன்றும் சொன்னார். வீட்டில் விளையாடுங்கள், அதை நிறுத்திவிடாதீர்கள், அவளுக்கு அது எவ்வளவு பிடிக்கிறது என்று பார்த்தேன் என்றார். எனக்கு அந்த ஜெர்மன் நன்றாகவே புரிந்தது.

சுதாவிடம் அதைச் சொல்லவில்லை. அப்பாவிடம் சொல்லவில்லை. பயத்தில் சொல்லவில்லை என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிள்ளை விஷயத்தில் அங்கே ஒரு கடிதம் வந்தால் நம் ஆட்களுக்குக் குலை நடுங்கும், உண்மைதான். ஆனால் காரணம் அதுவல்ல. எட்டு மணி நேரம் நின்று பாகங்களை அளந்துவிட்டு வருகிறவன், ஷூவைக் கழற்றுவதற்குள் ‘அப்பா முட்டு’ என்று ஓடிவருகிற பிள்ளை. ஒரு தடவை விழுந்தால் போதாது, இருபது தடவை விழ வேண்டும். இடுப்பு விண்ணென்று தெறிக்கும். விழுந்த இடத்திலேயே ஒருநாள் தூங்கிப்போயிருக்கிறேன். கயல் ஊதி ஊதிப் பார்த்து, எழுந்திருக்கவில்லை என்று அழுதிருக்கிறாள். டீச்சர் கூப்பிட்டுச் சொன்னதும் எனக்கு முதலில் வந்தது வருத்தம் இல்லை. அப்பாடா என்றிருந்தது. இனி விழ வேண்டாம்.

முதல் பத்து நாள் கயல் தலையைக் குனிந்துகொண்டு வந்தாள். ஒவ்வொரு முறையும் கூடாது என்றேன். பதினோராவது நாளோ என்னவோ, வரவில்லை. நான் உட்கார்ந்து டீ குடித்தேன். அந்த டீ நன்றாக இருந்தது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

7

அக்கா கேட்ட அன்று காலையிலேயே ஹாலுக்குப் போய், அப்பா, ரூலெல்லாம் ஒன்றும் இல்லை, நீங்கள் முட்டுங்கள் என்றேன். அவர் என்னை நம்பாமல் பார்த்தார். பால்வாடிக்குத் தெரிந்தால் உனக்குத் தொந்தரவு வராதே என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார். பிறகு தரையில் கையூன்றி மெல்ல உட்கார்ந்தார். எழுபது வயது முழங்கால். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கயலுக்கு நேராகத் தலையைத் தாழ்த்தி, ‘வாரேன், வாரேன்’ என்று நகர்ந்தார்.

கயல் அந்த வழுக்கைத் தலையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை என்பது முகத்தில் நன்றாகத் தெரிந்தது. தலை இன்னும் நெருங்கியதும் பழக்கியபடி உள்ளங்கையை நீட்டினாள்.

“ஷ்டோப்.”

அப்பா அப்படியே நின்றுவிட்டார். நிமிர்ந்து அந்தக் குட்டிக் கையைப் பார்த்தார். பிறகு கண்டக்டர் குரலை வரவழைத்துக்கொண்டார்.

“சரித்தா. நிப்பாட்டியாச்சு, வண்டிய நிப்பாட்டியாச்சு.”

வேண்டும்போது திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். லீவு கிடைக்கட்டும், இடுப்பு சரியாகட்டும், ஷிப்டு மாறட்டும் என்று. ஏழு மாதம் எனக்கு ஏழு சம்பளச் சீட்டு. அவளுக்கு அது பிறந்த நாள் முதல் இன்று வரை உள்ள ஆயுளில் ஏறக்குறையக் கால்வாசி. அவள் மறந்துவிட்டாள்.

அப்பா சுவரைப் பிடித்து எழுந்துபோய், கயலுக்கு மாதுளம்பழம் உரிக்க உட்கார்ந்தார். நான் எதிரே உட்கார்ந்தேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. வீட்டில் விளையாடச் சொல்லித்தான் டீச்சர் சொன்னார்கள், நிறுத்தியது நான்தான், உங்களிடம் பொய் சொன்னேன் என்றேன். ஏன் என்று அவர் கேட்பதற்குள், வேலை முடிந்து வந்து என்னால் விழ முடியவில்லைப்பா என்றும் சொன்னேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். பஸ்ஸில் பகல் முழுக்க நின்றுவிட்டு வந்து விழுந்த மனிதர், திட்ட அவருக்கு எல்லா உரிமையும் உண்டு. முத்துகளைக் கிண்ணத்தில் உதிர்த்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

“அம்புட்டு அசதியாப்பா ஒனக்கு?”

அவ்வளவுதான் கேட்டார். நான் நன்றாக இருப்பதாகத்தான் பதினோரு வருஷமாக இந்த வீட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அழுகை வந்துவிட்டது. முப்பத்தொன்பது வயது ஆள் மாதுளம்பழத்தோலுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். ஆமாப்பா என்றேன்.

போய்ப் படு, பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். பாயை விரிக்கவும் எழுந்துவிட்டார். வேண்டாம்ப்பா என்று சொல்லிவிட்டுத் தரையில் நகர்ந்து கயல் பக்கம் போய் உட்கார்ந்தேன். என்ன விளையாடுவது என்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவளையே கேட்டேன்.

கயல் யோசித்தாள். எழுந்து நேரே வாசலுக்குப் போனாள். திரும்பி வரும்போது அப்பாவின் ரப்பர் செருப்பில் ஒன்று அவள் கையில் இருந்தது. செருப்பைக் கையில் எடுக்கக் கூடாது என்று சொல்ல வந்த அப்பா, ‘கூடா’ என்பதோடு நிறுத்தி மீதியை விழுங்கிக்கொண்டார். கயல் என் பின்னால் வந்து, என் காதைப் பிடித்துத் தலையை நேராக்கி, செருப்பை உச்சந்தலையில் கவனமாக வைத்தாள். இரண்டு அடி தள்ளிப்போய் நின்று பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மாடிப்படியில் நின்றிருந்த அக்கா, உனக்கு வேணும்டா என்றாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது.

நானும் சிரித்ததில் செருப்பு சரிந்தது. கயல் ஓடிவந்து அதைத் திரும்ப நிமிர்த்தி வைத்து, விரலைக் காட்டினாள்.

“ஆடாத.”

தமிழில்தான் சொன்னாள். நான் ஆடவில்லை.